குன்னூர் ஓடையில் கல்லோடு ஒட்டிக் கிடந்தது ஸ்கல்பின் மீனா?

குன்னூருக்குக் கீழே ஓடையில் பார்த்த குட்டி மீன், ஆவணப்படத்தில் வந்த ஸ்கல்பின் மாதிரியே இருந்ததே, நீலகிரியில் அது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. ஸ்கல்பின் குடும்பத்து மீன்கள் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்காவின் குளிர்ந்த ஆறுகளிலும் கடல்களிலும் வாழ்பவை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பவானியா போன்ற மலை ஓடை மீனாக இருக்கும். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அயிரைக்கு அது தூரத்துச் சொந்தம்.

ஸ்கல்பினும் இந்த ஓடை மீனும் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம் தண்ணீரின் வேகம். ஸ்கல்பினுக்கு நீந்துபை, அதாவது மீனை மிதக்க வைக்கிற காற்றுப்பை, கிடையாது, அதனால் மிதக்காமல் அடியிலேயே கிடக்கும். நம்ம மீனுக்கு நீந்துபை இருந்தாலும் மிகச் சிறியது, எலும்பு உறை ஒன்றுக்குள் அடங்கியிருக்கும். கல்லாறு பக்கம் பாறையில் தண்ணீர் வழிகிற இடத்தில் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்திருக்கிறேன். தட்டையான வயிறு கல்லோடு படிந்திருக்கும், மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் இரு பக்கமும் விரிந்திருக்கும். அவ்வளவு வேகத்திலும் அடித்துக்கொண்டு போகாது. பாசியைச் சுரண்டிக்கொண்டே விரற்கடை விரற்கடையாக மேலே ஏறும்.

ஸ்கல்பின் அப்படியில்லை, வேட்டைக்காரன். பெரிய தலை, அகன்ற வாய். பூச்சிப் புழுக்களையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஆண் மீன்தான். ஆற்று ஸ்கல்பின்கள் பலவற்றில் பெண் மீன் கல்லின் அடிப்புறத்தில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை காவல் இருந்து, துடுப்பால் விசிறித் தண்ணீரை ஓடவிடுவது ஆண்தான்.

இன்னொரு விஷயம். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் மீன் குஞ்சுப் பண்ணை தொடங்கி வளர்த்த வானவில் டிரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்து மீன். அங்கே அதே ஆறுகளில் ஸ்கல்பினும் உண்டு. டிரவுட்டைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிற பொழுதுபோக்குக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள், ஸ்கல்பினை யாரும் கொண்டுவரவில்லை. நல்லதுதான். அயல் மீன் ஒன்று வந்ததே போதும். அந்த டிரவுட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தப் பாறை மீனைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, அடுத்த தடவை பார்த்தால் வாயைக் கவனியுங்கள். குட்டி மீசைகள் இருந்தால் நம்ம மீன். ஸ்கல்பினுக்கு மீசை கிடையாது. முதுகுத் துடுப்பும் நம்மதில் ஒன்றுதான், ஸ்கல்பினுக்கு இரண்டு. கல்லைப் புரட்டாமல் பாருங்கள், அடியில் எத்தனையோ உயிர் குடியிருக்கும்.