டீ ரூம் சிரிப்பு: குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, குடியாத்தத்துல இருந்து மான்செஸ்டர் வந்து நர்ஸா சேர்ந்திருக்கீங்க. "டீ ரூம்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஜோக் புரியல, என்னைத்தான் கிண்டல் பண்றாங்களோ?"ன்னு கேட்டிருக்கீங்க. நான் காட்பாடி. இந்த ஊர் வார்டுலயே தலை நரைச்சுப் போச்சு, அந்த உரிமையில சொல்றேன்.

முக்கால்வாசி நேரம் அங்க ஜோக்கே இருக்காது. ராபர்ட் புரோவைன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், பொது இடத்துல ஜனங்க எப்போ சிரிக்கிறாங்கன்னு ஒட்டுக்கேட்டு ஆயிரத்துக்கு மேல குறிச்சு வெச்சார். ஜோக்குன்னு சொல்லத்தக்க பேச்சுக்கு அப்புறம் வந்த சிரிப்பு 20 சதவீதம்கூட இல்ல. மிச்சமெல்லாம் "சரி, அப்புறம் பாக்கலாம்" ரகம். அதனால அர்த்தம் தேடிக்கிட்டு மூலையில உக்காராதீங்க. கூட சேர்ந்து சிரிச்சு வைங்க, போதும்.

இதுல உடம்புக்கும் லாபம் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபின் டன்பார் குழு 2011-ல வெளியிட்ட ஆய்வுல, சேர்ந்து உக்காந்து காமெடி பாத்துச் சிரிச்சவங்க அதுக்கப்புறம் வலியைக் கூடுதலா தாங்கினாங்க. வலியைக் குறைக்க உடம்பே சுரக்கிற எண்டார்ஃபின்தான் காரணமா இருக்கும்னு சொல்றாங்க. பன்னெண்டு மணி நேர நைட் ஷிப்ட்ல, விடியக்காலை நாலு மணிக்கு, இது உங்களுக்கே தெரியும்.

என் கணக்குல பெரிய லாபம் வேற. டாக்டர் வந்தா எழுந்து நின்னு பழகினவங்க நாம. இங்க ஒரு கன்சல்டன்ட், அதாவது பெரிய டாக்டர், சைக்கிள்ல வருவார். ஹெல்மெட்டைக் கழட்டினா முடி சேவல் கொண்டை மாதிரி நிக்கும். அதை அவரே சொல்லிச் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். ஒருநாள் ராத்திரி அவர் எழுதின ஆன்டிபயாடிக் அளவு, அந்தப் பாட்டியோட கிட்னிக்கு அதிகமா பட்டது. "டாக்டர், இதை ஒருவாட்டி பாருங்களேன்"னேன். வார்த்தை தானா வந்துச்சு. பாத்தார், குறைச்சார், தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனார். முன்ன சேர்ந்து சிரிக்காம இருந்திருந்தா மென்னு முழுங்கியிருப்பேன்.

தன்னையே நக்கல் பண்ணிக்கிறது இங்க நல்லா எடுபடும். அது நமக்குப் புதுசா என்ன? ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்னு சொந்த ஊரையே ஓட்டி வளர்ந்தவங்க வேலூர்க்காரங்க. (1981-லயே ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோயில்ல திரும்ப வெச்சாச்சு. நம்மாளுங்கதான் வசனத்தை விடல.) இதை டீ ரூம்ல அவுத்து விட்டேன். "அப்புறம் அங்க எதுக்குத்தான் இருக்காங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. "பிரியாணிக்கு"ன்னேன். அன்னிக்குத்தான் என் பேரை ஒழுங்கா உச்சரிக்கக் கத்துக்கிட்டாங்க.

ஆனா எல்லாத்துக்கும் இளிச்சுக்கிட்டு நிக்கணும்னு இல்ல. உங்க நிறத்தையோ மதத்தையோ வெச்சு யாராவது அவமானப்படுத்தினா அது 2010 சமத்துவச் சட்டப்படி துன்புறுத்தல். "விளையாட்டுக்குச் சொன்னேன்"னு தப்பிக்க முடியாது. கேட்டவங்களை அது எப்படிப் பாதிச்சதுங்கறதையும் சட்டம் பாக்கும். தேதி போட்டு எழுதி வெச்சு மேனேஜர்கிட்ட கொடுங்க. அதே மாதிரி பேஷண்ட் கட்டில் பக்கத்துல நம்ம சிரிப்பு வேணாம்; தன்னைப் பாத்துத்தான்னு அவங்க நினைச்சுக்குவாங்க.

நாளைக்கு ஜோக் புரியலைன்னா, "எனக்குப் புரியல, கொஞ்சம் விளக்குங்க"ன்னு சீரியஸா கேட்டுப் பாருங்க. விளக்க வந்தவன் திணறுறதைப் பாத்து மொத்த ரூமும் சிரிக்கும்.