கத்தோலிக்கக் குடும்பம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

"நாங்கள் கத்தோலிக்கர்கள். இரண்டு பிள்ளைகள். பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறோம். சட்டம் விடுமா, சாமியார் விடுவாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சட்டம் கண்டும் காணாமல் விட்டுவிடும். சாமியார், அதாவது பங்குப் பாதிரியார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பிள்ளைகளின் அப்பத்தாதான் விடவே மாட்டார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

நீங்களும் எங்களை மாதிரி மூத்த பிள்ளை விஷயத்தில் மனசு நொந்துதான் இந்த யோசனைக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் தொழில் செய்கிறேன். மனைவி பி.எட். படித்தவள், கல்யாணத்துக்கு முன் ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சராக இருந்தாள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது மூத்தவன் இரண்டாம் வகுப்பு. ஏழு வயதாகியும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. சில எழுத்துகளை இடவலம் மாற்றித்தான் எழுதுவான். அவன் படித்த பள்ளியில் அதற்குக் கொடுத்த வைத்தியம், அதே எழுத்தை நூறு தடவை எழுதச் சொன்னது. நூறு தடவையும் மாற்றியே எழுதிக்கொண்டு வந்தான்.

பூட்டிக்கிடந்த அந்த மாதங்களில் அவன் என்னோடு பட்டறையில்தான் கிடந்தான். எங்கள் கல்லை எப்படி வார்ப்பது தெரியுமா? கண்ணாடியை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் டிசைன் அச்சு. சின்னக் கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்க வேண்டும். தண்ணீரில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடியைப் பிரித்தால் அடியில் இருந்த பக்கம் முகமாக வரும். அதாவது நீங்கள் மேலிருந்து பார்த்து ஊற்றியதெல்லாம் இடவலம் மாறித்தான் தெரியும். ஒருநாள் நான் பார்க்காத நேரத்தில் பையன் அச்சில்லாமல் கரண்டியாலேயே 'அம்மா' என்று ஊற்றிவைத்திருக்கிறான், தன் வழக்கப்படி மாற்றி. கல்லைப் பிரித்தபோது எழுத்து நேராக இருந்தது. அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கல் எங்கள் அடுப்படி வாசலில் பதிந்திருக்கிறது. அப்புறம் எந்த எழுத்தை எழுதினாலும், "இது கல்லா, நோட்டா?" என்று கேட்டுக்கொண்டே எழுதுவான். நோட்டென்றால் ஒரு நொடி நிதானித்து நேராக எழுதுவான். ஏன் வேலை செய்தது என்று மருத்துவரோ வாத்தியாரோதான் சொல்ல வேண்டும்.

வாசிப்பு மட்டும் மனைவி கொடுத்தது. ஞாயிறு திருப்பலி வாசகத்தை வியாழக்கிழமையே எடுத்துவைத்துக்கொண்டு, தினம் நாலு வரி. 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது, அவன் முழுப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தான். திரும்ப அந்த ஏழு மணி வேனில் ஏற்றிவிட எங்களுக்கு மனசு வரவில்லை. பெரிய கொள்கை முடிவெல்லாம் எடுக்கவில்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் விட்டால்தானே? பள்ளிக்கூடம் என்றாலே ஊருக்குள் நம் சாமியார்களும் சிஸ்டர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அடுத்த மதத்துக்காரர்கள் சிபாரிசு பிடித்து அங்கே இடம் வாங்குகிறார்கள், நீ வேதக்காரனாய்ப் பிறந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறாயே என்று அம்மா ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பங்காளி ஒருவர், "என்ன தம்பி, குலக்கல்வியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

இதற்கு மட்டும் விலாவாரியாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேயும் யாராவது கேட்பீர்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த, குலக்கல்வி என்று பேர் வாங்கிய திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று போனது. 1954இல் காமராஜர் வந்து அதைத் தூக்கினார். தூக்கியது நியாயம். ஆனால் கல் வார்ப்பது எங்கள் குலத்தொழிலே இல்லை. என் அப்பா லாரி ஓட்டியவர். என் மகன் கல் ஊற்ற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பத்தடிக்குப் பத்தடி அறைக்குப் பத்தங்குலக் கல் எத்தனை என்றால் 144 என்பான். சுற்றுப் பார்டருக்கு எத்தனை என்றபோது முதலில் 48 என்றான். மூலைக்கல்லை இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று அவனே கண்டுபிடித்து 44 ஆக்கினான். அது கணக்கா, குலத்தொழிலா?

     சரி, கேள்விக்கு வருகிறேன்.

சட்டம்: கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. ஆறு முதல் பதினான்கு வயது வரை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த டீச்சர் நல்ல மனுஷி. பையனைப் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சார், இவன் நல்லாத்தான் படிக்கிறான். என் ஃபார்ம்ல இதுக்குக் கட்டம் இல்லையே" என்றார். மோர் குடித்துவிட்டு, யோசித்துக்கொண்டே போனார்.

சான்றிதழுக்கு, வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுத தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஐந்து பாடம். மூத்தவனுக்கு இப்போது 13. அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

திருச்சபை: பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னதை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே திருச்சபைச் சட்டம் 798ஐ எடுத்துக் காட்டினார். கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும், முடியாதபோதுதான் வெளியே அதற்கு வழி பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. "உங்களால முடியாதா, பிடிக்கலையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் இல்லை. ஆனால் ஞாயிறு மறைக்கல்வியை நாங்கள் விடவில்லை. புதுநன்மையும், அதாவது முதல் முறை நற்கருணையும், மூத்தவன் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் வாங்கினான். அதே சாமிதான் போன வருஷம் அவனை வாசக மேடையில் ஏற்றினார். "தெசலோனிக்கருக்கு" என்ற சொல்லில் நின்றான். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஒரு நொடிதான், அப்புறம் கடைசிவரை நிற்காமல் வாசித்தான். "இறைவா உமக்கு நன்றி" என்று என் அம்மா சொன்ன சத்தம் ஆண்கள் பக்கம் வரை கேட்டது.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சின்னவளும் வீட்டில்தான் படித்தாள். ஆனால் தெருமுனையில் நின்று யூனிஃபார்ம் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பாள். போன ஜூனில், "எனக்குப் பக்கத்துல உக்கார ஆள் வேணும்ப்பா" என்றாள். சிஸ்டர்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தோற்ற மாதிரி இருந்தது. மனைவிக்கு அப்படி இல்லையாம். மூத்தவனுக்கு அந்த ஆசை வரவில்லை, வந்தால் அவனும் போவான்.

உங்கள் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று சொல்லவில்லை. டி.சி. வாங்கினால், காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்களுக்கு 'குடும்பம் வெளியூர் செல்வதால்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறோம்.