நெதரைட் தேடி ஒரே இடத்தைத் தோண்டலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

மைன்கிராஃப்ட் விளையாட்டில் நெதரைட் கவசம் செய்வதற்காக அதன் தாதுவான ஏன்ஷியன்ட் டெப்ரி தேடிக்கொண்டிருக்கிறேன். நெதர் என்ற லாவா நிறைந்த பாதாள உலகில் குகை, லாவாக் கரை என்று சுற்றாத இடமில்லை, கண்ணில் படவே இல்லை. Y 15 உயரத்தில் ஓரிடத்தை முழுக்கப் பெயர்த்து எடுத்தும் கிடைத்தது மூன்றே மூன்று. நெதரில் பெட்டில் (படுக்கை) படுக்கப்போனால் அது வெடிக்கும், அப்படி வெடிக்கவைத்து எடுக்கலாம் என்கிறார்கள். நான் முயன்றால் அங்குள்ள சாதாரணப் பாறையான நெதர்ராக்கோடு சேர்ந்து நானும் போய்விடுகிறேன். தாதுவைக் கூட்டித் தரும் ஃபார்ச்சூன் 3 மந்திரம் உள்ள பிக்காக்ஸ் இருந்தால் கூடுதலாக வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃபார்ச்சூன் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். வராது. டெப்ரி எப்போதும் ஒன்றுக்கு ஒன்றுதான். அதை எடுக்க டைமண்ட் அல்லது நெதரைட் பிக்காக்ஸ் வேண்டும், இரும்பில் உடைத்தால் கையில் ஒன்றும் விழாது. உங்களுக்குப் பயன்படுவது தோண்டும் வேகத்தைக் கூட்டும் எஃபிஷியன்சி மந்திரம். டைமண்ட் பிக்காக்ஸில் எஃபிஷியன்சி 2 இருந்தாலே நெதர்ராக் தொட்டவுடன் உடையும். பட்டனை அழுத்தியபடி நடந்துகொண்டே போகலாம். சுரங்கம் தோண்ட மட்டும் என்றால் அதற்கு மேல் லெவல் செலவழிக்க வேண்டியதில்லை.

குகைகளில் கண்ணில் படாததற்குக் காரணம், காற்றுப் படும் இடத்தில் டெப்ரி உருவாவதே இல்லை. விளையாட்டே அதை ஒளித்துத்தான் வைக்கிறது. லாவாவை ஒட்டி வேண்டுமானால் இருக்கலாம், அதை நம்பி லாவாக் கரையைச் சுற்றுவது வீண்.

ஓரிடத்தை முழுக்கப் பெயர்த்தீர்களே, நேரம் போனது அங்கேதான். 16க்கு 16 பிளாக் கொண்ட ஒவ்வொரு சங்க்கிலும் டெப்ரி வைக்க விளையாட்டு இரண்டு முறைதான் முயல்கிறது. ஒன்று Y 8 முதல் 24 வரை, 15, 16 உயரத்தை ஒட்டி அடர்த்தியாக. அதிகபட்சம் மூன்று பிளாக். இன்னொன்று Y 8 முதல் கிட்டத்தட்டக் கூரை வரை எங்கே வேண்டுமானாலும், அதிகபட்சம் இரண்டு. மூன்று எடுத்த பிறகு அந்தச் சங்க்கில் மிச்சம் என்ன இருக்கும்? இருந்தாலும் அது தலைக்கு மேல் எங்கோ இருக்கும். டெப்ரி வேட்டையில் கணக்கு ஒன்றுதான்: ஒரு மணி நேரத்தில் எத்தனை புதுச் சங்க்கைத் திறக்கிறீர்கள். நிற்கும் உயரம் 15ஆக இருக்கட்டும், ஒன்று அகலம், இரண்டு உயரத்தில் ஒரே திசையில் நேராகப் போங்கள். பசால்ட் பாறை நிறைந்த பசால்ட் டெல்டா பகுதி வந்தால் திசையை மாற்றுங்கள். டெப்ரி அங்கேயும் இருக்கும்தான், ஆனால் பசால்ட்டும் பிளாக்ஸ்டோனும் நெதர்ராக்கைப் போல வெடிக்குப் பெயராது.

வெடிவைப்பது இந்தக் கணக்கை வேகப்படுத்தத்தான். வெடி நெதர்ராக்கைத் தூக்கிவிடும், டெப்ரி அசையாமல் நிற்கும். ஒரு டிஎன்டி வெடிப் பிளாக் நெதர்ராக்கில் சுற்றிலும் இரண்டு, மூன்று பிளாக் திறக்கும். பெட் அதைவிட ஒரு பிளாக் ஆழம் போகும்.

நீங்கள் சாவது அனேகமாக பெட்டை வைக்கும் முறையால். வெடிப்பின் மையம் பெட்டின் தலைமாட்டில் இருக்கிறது. சுரங்கம் போகும் திசையைப் பார்த்துக்கொண்டு வைத்தால் தலைமாடு தானாக உங்களுக்கு எதிர்ப்பக்கம் விழும். பக்கவாட்டில் வைத்தால் வெடி பக்கத்திலேயே வந்துவிடும். பெட்டின் கால்மாட்டுக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு பிளாக் வையுங்கள். அதற்கு மேலே தெரியும் இடைவெளி வழியாக பெட்டை கிளிக் செய்யுங்கள். நெதர்ராக் போதும், ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் அது போய்விடும், புதிதாக வைக்க வேண்டும். இது அடியை முழுதாகத் தடுக்காது, வெகுவாகக் குறைக்கும். ஹெல்த் நிரம்பியிருக்கும்போது மட்டும் அடுத்ததை வெடியுங்கள்.

பெட் தீயும் மூட்டும், நெதர்ராக்கில் பிடித்த தீ தானாக அணையாது. ஃபயர் ரெசிஸ்டன்ஸ் போஷன் இல்லாமல் இறங்காதீர்கள். சாதாரணமாக 3 நிமிடம், ரெட்ஸ்டோன் சேர்த்துக் காய்ச்சினால் 8 நிமிடம். தீயைவிட லாவாவுக்குத்தான் அது தேவை. நெதரில் லாவா மேலுலகத்தைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடும், தண்ணீர் வாளியும் அங்கே உதவாது. சுவரில் லாவா கசிவதைக் கண்டால் முதலில் அடைத்துவிடுங்கள். அடைக்காமல் வெடித்தால் வெடியின் பாதியை லாவா விழுங்கிவிடும்.

டெப்ரி தெரிந்தால் அதை எடுத்துப் பைக்குள் போட்ட பிறகே அடுத்த வெடி. கீழே விழுந்த டெப்ரியை லாவா எரிக்காது, வெடி அழித்துவிடும்.

பெட் ஒன்றுக்கு ஒரு இடம் என்று பையை அடைத்துக்கொள்ளும். டிஎன்டி ஓரிடத்தில் 64 அடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் 5 வெடிமருந்து, 4 மணல். வெடிமருந்து தரும் க்ரீப்பர் ஃபார்ம் இருந்தால் டிஎன்டிதான் என் தேர்வு. சுரங்கத்தை முதலில் தோண்டி முடித்து, திரும்பி வரும்போது நான்கு பிளாக்குக்கு ஒன்றாக வைத்து வாருங்கள். கடைசியைப் பற்றவைத்துவிட்டு ஓடுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தானே பற்றிக்கொள்ளும். இரண்டும் இல்லையென்றால் வெறும் பிக்காக்ஸ் ஒன்றும் மோசமில்லை. இரண்டு, மூன்று பிளாக் விட்டு இணையாக நீளச் சுரங்கங்கள் போடலாம்.

எங்கே நிறுத்துவது என்றும் சொல்லிவிடுகிறேன். டெப்ரியை பிளாஸ்ட் ஃபர்னஸில் உருக்கினால் ஒரு ஸ்கிராப். நான்கு ஸ்கிராப்பும் நான்கு தங்கக் கட்டியும் சேர்ந்தால் ஒரு நெதரைட் கட்டி. கவசம் நான்குக்கு 16 டெப்ரி, வாள், பிக்காக்ஸ், கோடாலி, மண்வாரி, களைக்கொத்து ஐந்தையும் சேர்த்தால் 36. களைக்கொத்தை நெதரைட்டாக்குவது வெறும் பகட்டு, 32உடன் திரும்பிவிடலாம்.

டெப்ரியைவிட டைமண்ட்தான் உங்களைத் தடுக்கப்போகிறது. 2023இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து டைமண்ட் பொருளை நெதரைட்டாக்கும் ஒவ்வொரு அப்கிரேடுக்கும் டெம்ப்ளேட் என்ற அச்சு ஒன்று செலவாகிறது. அது நெதரில் பிக்லின் என்ற உயிரினங்கள் வாழும் பாஸ்டியன் கோட்டை இடிபாடுகளில்தான் கிடைக்கும். புதையல் அறை உள்ள பாஸ்டியன் என்றால் உறுதியாக உண்டு. போகும்போது ஒரு தங்கக் கவசமாவது உடலில் இருக்கட்டும், தங்கம் அணிந்தவரைப் பிக்லின்கள் தாமாகத் தாக்குவதில்லை. ஆனால் அங்கே பெட்டியைத் திறந்தால் அந்தத் தங்கத்தையும் பார்க்காமல் பாய்வார்கள். ஒரு டெம்ப்ளேட்டோடு 7 டைமண்ட், ஒரு நெதர்ராக் சேர்த்து கிராஃப்டிங் டேபிளில் வைத்தால் இரண்டாகும். கவசம் நான்குக்கு மூன்று நகல், 21 டைமண்ட். கையில் ஒன்றே ஒன்று இருக்கும்போது அதை ஸ்மிதிங் டேபிளில் வைத்துவிடாதீர்கள், முதலில் நகல் எடுங்கள்.