வீட்டை விற்கிறேன், காலி பண்ணுங்கள் என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் போய்விட வேண்டுமா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர், இரண்டு பிள்ளைகளோடு மூன்று வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரரும் தமிழர், தெரிந்தவர் மூலம் கிடைத்த வீடு என்பதால் எழுத்தில் எதுவும் இல்லை. மாத வாடகை 1,500 பவுண்ட், டிபாசிட் 3,000. போன வாரம் வீட்டுக்காரர், "வீட்டை விற்கப்போகிறேன், இரண்டு மாதத்தில் காலி பண்ணித் தாங்கோ" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். "போய்த்தான் ஆக வேண்டுமா? போனால் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வேறு வீடு தருமா? எங்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது" என்று கேட்கிறார்.

போக வேண்டாம் சகோதரி. தெரிந்தவர் ஆயிற்றே, மனக்கசப்பு வேண்டாமே என்று சாவியைக் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அப்படிப் போனால் வாடகைதாரர் என்ற உரிமை அன்றோடு முடிந்துவிடும். அப்புறம் கவுன்சிலுக்குப் போனால், "இருந்திருக்கக்கூடிய வீட்டை நீங்களாகவே விட்டு வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லி, வேண்டுமென்றே வீடிழந்தவர்கள் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். அந்த முத்திரை விழுந்தால் பிள்ளைகள் இருந்தாலும் நீண்டகால உதவிக்குக் கதவு அடைபடும்.

இரண்டு மாதம் என்ற கணக்கு பழைய சட்டத்தின் கணக்கு. 1988 வீட்டுச் சட்டத்தின் பிரிவு 21 இருந்தவரை, காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் எழுப்பலாம். அதை ஒழிப்போம் என்று 2019இல் அரசு வாக்குக் கொடுத்தது. வாடகைதாரர் உரிமைச் சட்டம் நிறைவேற 2025 அக்டோபர் 27 ஆகிவிட்டது, பிரிவு 21 ஒழிந்தது 2026 மே 1இல்தான். அத்தனை வருடம் எத்தனை குடும்பங்கள் பெட்டி கட்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, இப்போதைய நிலைமை என்னவென்றால், விற்பதற்காக எழுப்ப வேண்டுமானால் அதே 1988 சட்டத்தின் பிரிவு 8இன் கீழ், அதற்குரிய படிவத்தில், காரணத்தைக் குறிப்பிட்டு, நான்கு மாத நோட்டீஸ் தர வேண்டும். குடியேறிய முதல் வருடத்துக்குள் இந்தக் காரணமே செல்லாது. நோட்டீஸ் முடிந்த பிறகும் நீங்கள் இருந்தால் அவர் கோர்ட்டுக்குப் போய், உண்மையாகவே விற்கப்போகிறார் என்று காட்டி உத்தரவு வாங்கி, பெய்லிஃப் (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் அதிகாரி) வந்தால்தான் உங்களை வெளியேற்ற முடியும். விற்பதாகச் சொல்லி எழுப்பிவிட்டு வேறு ஆளுக்குக் கூடின வாடகைக்கு விடுவதும் நடக்காது, 12 மாதத்துக்கு மறுபடி வாடகைக்கு விடத் தடை இருக்கிறது. இடையில் பூட்டை மாற்றினால், சாமானை வெளியே வைத்தால் அது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் பயப்பட வேண்டாம். வாய்ப்பேச்சில் எடுத்த வீட்டுக்கும் இதே உரிமைதான். ஆனால் சான்று வேண்டும். வாடகையை இனி கையில் கொடுக்காமல் பேங்க் வழியாக அனுப்புங்கள், பழைய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மூன்று மாத வாடகை பாக்கி சேர்ந்தால் நான்கு வார நோட்டீஸோடு அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

டிபாசிட் விஷயத்தில் அவர் பக்கம்தான் தப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். 2019 ஜூன் முதல், உங்கள் அளவு வாடகைக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டிபாசிட் வாங்கக் கூடாது. 1,500ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்து ஐந்து மடங்காக்கினால் சுமார் 1,730 பவுண்ட் வரும். உங்களிடம் 3,000 வாங்கியிருக்கிறார். வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டிருக்கவும் வேண்டும். அப்படி மூன்று திட்டங்கள் இருக்கின்றன, அவற்றின் இணையதளங்களில் தேடினாலே தெரிந்துவிடும். போடவில்லை என்றால், டிபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கேட்டு நீங்கள் கோர்ட்டுக்குப் போகலாம். அதோடு, அதைச் சரிசெய்யாமல் விற்பனைக் காரணத்தில் அவருக்கு உத்தரவும் கிடைக்காது.

இனி கவுன்சில். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை இருந்தால், வீதிக்கு வரும் முன்பே உங்களுக்கு உதவ வேண்டியது கவுன்சிலின் கடமை. முறையான நோட்டீஸ் வந்ததும் போங்கள், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் நிலைமையை விசாரித்து, அவர்கள் செய்வதையும் நீங்கள் செய்வதையும் எழுத்தில் ஒரு திட்டமாகத் தர வேண்டும். பிள்ளைகள் இருப்பதால் நீங்கள் முன்னுரிமைப் பட்டியலில் வருவீர்கள், அதனால் வீடு போய்விட்டால் தற்காலிக இடம் தந்தாக வேண்டும். பெய்லிஃப் வரும்வரை அங்கேயே இருங்கள் என்று பல கவுன்சில்கள் சொல்லும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் கோர்ட் செலவு உங்கள் தலையில் விழலாம். எல்லோரையும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு காக்கவைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டியே சொல்கிறது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். கவுன்சில் தரும் இடம் தூரமாக, சின்னதாக இருக்கும். பிடிக்கவில்லை என்று மறுத்தால் கவுன்சிலின் கடமையே முடிந்துவிடலாம். முதலில் ஏற்றுக்கொண்டு குடியேறுங்கள், இடம் பொருத்தமில்லை என்று 21 நாளுக்குள் மறுஆய்வு கேளுங்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்யச் சட்டம் இடம் தருகிறது.

உங்களிடம் நிரந்தர வதிவிடம் இருப்பதால் இதெல்லாம் பொருந்தும். அரசு உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு விசாவில் இருப்பவர்களுக்கு கவுன்சில் வீட்டு உதவி கிடையாது, ஆனால் வீட்டுக்காரரோடான உரிமைகள் அவர்களுக்கும் முழுதாக உண்டு. பிள்ளைகள் இருந்தால் 1989 சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சமூக சேவைப் பிரிவை அணுகலாம். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, சமையலறை, குளியலறையைப் பகிர்ந்தால் கதை வேறு, அப்படி ரூம் எடுத்தவர்களுக்கு இந்தப் புதுப் பாதுகாப்பு இல்லை. நான் சொன்னது இங்கிலாந்துச் சட்டம், ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனிச் சட்டம்.

இப்போதைக்கு அவருக்கு வாட்ஸ்அப்பிலேயே மரியாதையாகப் பதில் போடுங்கள்: "அண்ணா, செய்தி பார்த்தோம். சட்டப்படியான நோட்டீஸ் தந்தால் அதன்படி பேசலாம், வாடகை வழக்கம்போல் வரும்." நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசமாகக் கிடைக்கும் அரசின் வீடிழப்புத் தடுப்புச் சட்ட ஆலோசனைச் சேவைக்குப் போங்கள். நோட்டீஸில் தேதியும் காரணமும் சரியா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.