குழந்தைக்கு ஃப்ளூ: வீட்டு வைத்தியம் போதுமா?

ஆறு வயதுக் குழந்தைக்கு ஃப்ளூ, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். ஆனால் ஃப்ளூவை விரட்டும் கைமருந்து எதுவும் கிடையாது. உடம்பே வைரஸை வெல்லும் வரை குழந்தை தளராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

முதலில் தண்ணீர். காய்ச்சலில் உடம்பு நீரை வேகமாக இழக்கும். ஒரே மூச்சில் குடிக்க வைத்தால் வாந்தி வரலாம். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று ஸ்பூன் கொடுங்கள். தண்ணீர், சூப், ஓஆர்எஸ் என்ற உப்பு சர்க்கரைக் கரைசல், எது இறங்குகிறதோ அது. சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், இரண்டு நாள் குறைவாகச் சாப்பிட்டால் பரவாயில்லை.

இருமலுக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் நன்றாகவே உதவும். ஒரு வயது நிரம்பாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தேன் கூடவே கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஆவி பிடிக்க வைப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், வெந்நீர் கவிழ்ந்தால் பெரிய காயமாகிவிடும்.

காய்ச்சலில் குழந்தை சோர்ந்தால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறிக்கு அது வழிவிடும்.

மூச்சு வாங்கி விலா உள்ளே இழுத்தால், 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், உதடு நீலமானால், விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்துமா இருக்கும் குழந்தை என்றால் முதல் நாளே மருத்துவரிடம் பேசுங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.