கீழ் வரியில கெடக்க நம்பர் எதுக்கு?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊரு களியக்காவிளை பக்கம். சின்னதுல கர்நாடக வயலின் படிச்சேன், இப்போ சர்ச் குவயர்ல நோட்டு பாத்து வாசிக்கேன். கொரெல்லின்னு பழைய இத்தாலி வயலின்காரரு எழுதின சோனாட்டா (பல பகுதியா வர்ற வாத்திய இசை) ஒண்ண டவுன்லோடு பண்ணினேன், மொத்தமே ரெண்டு வரிதான், மேல வயலின், கீழ பேஸ், அந்த பேஸுக்கு பக்கத்துல 6, 7, 4 3-ன்னு நம்பரா கெடக்கு. சித்தப்பா மொவன் கீபோர்டு நல்லா வாசிப்பான், அவன் இத பாத்துட்டு "வலது கைக்கு ஒண்ணுமே இல்லியே, பாதி பேஜ் விட்டுப்போச்சா"ன்னு கேக்கான். கடைசியில ரிதம் ஆன் பண்ணி தோணின கார்டு (சில ஸ்வரத்த சேத்து அமுக்குறது) போட்டு கிறிஸ்மஸுக்கு வாசிச்சோம், மானம் போச்சு. பேஸ் வரிய செல்லோவுல வாசிக்க ஆளும் இல்ல. என்ன செய்ய?

பதில்: பேஜ் ஒண்ணும் விட்டுப்போகல தம்பி. 1700-ல ரோம்ல கொரெல்லி ஓபஸ் 5-ன்னு, அதாவது அஞ்சாவது தொகுப்பா, 12 சோனாட்டா அச்சடிச்சப்பவும் இதே ரெண்டு வரிதான். வலது கைக்கு உள்ளத வாசிக்கறவரே அந்த நேரத்துல போட்டுக்கணும், கண்டினியுவோன்னா அதுதான். நம்ம மிருதங்கக்காரருக்கு யாரு எழுதிக் குடுக்கா, பாட்ட கேட்டு அவரே வாசிக்காருல்லா, கிட்டத்தட்ட அப்படி, ஆனா இங்க பேஸ் மட்டும் எழுதினபடியே வரணும்.

நம்பர பேஸ் ஸ்வரத்துல இருந்து மேல எண்ணணும். நம்பர் இல்லன்னா 3-ம் 5-ம்னு அர்த்தம். ஈ மைனர்ல பாருங்க, பேஸ்ல ஈ வெறுமனே இருந்தா ஈ, ஜி, பி. பேஸ்ல ஜி, கூட 6 இருந்தா ஜி, பி, ஈ, அதே கார்டுதான், கால மாத்தி நிக்குது, அவ்வளவுதான். பி-க்கு வெறும் ஷார்ப் குறி மட்டும் இருந்தா மூணாவது ஸ்வரம் டி ஷார்ப் ஆயிரும். அதே பி-க்கு 4, அடுத்து ஷார்ப் போட்ட 3 வந்தா, மொதல்ல ஈ-ய புடிச்சு வச்சு காதுக்கு கொஞ்சம் உறுத்த விட்டு, அப்புறமா டி ஷார்ப்புல எறக்கணும். அந்த உறுத்தல்லதான் சுகமே இருக்கு, அவசரப்பட்டு எறக்கிராதீங்க.

செல்லோவுக்கு கவலை வேண்டாம். கொரெல்லியோட மொத பக்கத்துலயே பேஸுக்கு வயோலோனே (செல்லோ மாதிரி பெரிய வில்லு வாத்தியம்) "அல்லது" ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தின கட்டை வாத்தியம்)ன்னுதான் போட்டிருக்கு. பாறசாலையில இருந்தோ திருவனந்தபுரத்துல இருந்தோ ஒரு ஆளு கெடச்சா நல்லது, அவரும் அதே கீழ் வரியத்தான் இடது கை கூட சேந்து வாசிப்பாரு.

மொத ரெண்டு வாரம் கீபோர்டு வாசிக்கற சித்தப்பா மொவனோட வலது கைய மடியில வைக்கச் சொல்லுங்க. பேஸும் வயலினும் மட்டும். நீங்களும் அந்த பேஸ ஒரு ஸ்தாயி மேல வயலின்ல வாசிச்சு பாருங்க, எங்க முட்டுது எங்க அவுறுதுன்னு கையே சொல்லும், அந்த இடம் தெரியாம மேல் வரிய மட்டும் மனப்பாடம் பண்ணினா கிறிஸ்மஸுக்கு நடந்ததுதான் திரும்ப நடக்கும். ரிதம் பட்டன தொடவே வேண்டாம், சஸ்டெயின் பெடலும் வேண்டாம். மொத 6 சோனாட்டாவ இப்போ எடுக்காதீங்க, ரெண்டு கம்பிய சேத்து புடிக்கற இடம் நெறைய. 8-ஆவது, ஈ மைனர், அதுல தொடங்கலாம்.

ஒரு விஷயம், உங்க கை தன்னால ஜாரு (ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போறது) போடும், சர்ச்ல கேட்டிருப்பாங்களே. இங்க அத அடக்கணும், முடிவுல வர்ற ட்ரில்ல (பக்கத்து ரெண்டு ஸ்வரத்த மாத்தி மாத்தி வேகமா அசைக்கறது) மேல் ஸ்வரத்துல இருந்து தொடங்கணும். ஆனா மனோதர்மம் வீணாப் போகாது. மெதுவான பகுதியில கொரெல்லி எலும்ப மட்டுந்தான் எழுதியிருக்காரு, மொத 6 சோனாட்டாவோட அந்தப் பகுதிகள, அவரே வாசிச்ச மாதிரின்னு சொல்லி அலங்காரத்தோட 1710-ல ஆம்ஸ்டர்டாம்ல ரோஜேன்னு ஒருத்தர் அச்சடிச்சாரு. வாசிக்காட்டாலும் பாத்து படிங்க, நம்மாளுக்கு சீக்கிரம் புடிபடும்.

கேள்வி: கீபோர்டுல ஹார்ப்சிகார்டு சவுண்டு வச்சா எவ்வளவு அமுக்கினாலும் ஒரே சத்தம்தான் வருது. ரிப்பேரா? (பாலக்காடு வாசகி)

பதில்: இல்லம்மா, அசலும் அப்படித்தான். கட்டைய அமுக்கினா உள்ள பறவை இறகுல செஞ்ச ஒரு சின்ன முள்ளு கம்பிய மீட்டும், வீணை மாதிரி, பியானோ மாதிரி சுத்தியல் அடிக்காது. அதனால சத்தம் கூட்டணும்னா ஸ்வரத்த கூட்டணும். வயலின் மெதுவா போற இடத்துல வலது கைக்கு ரெண்டு ஸ்வரம் போதும், கடைசி கார்டுல நாலஞ்ச கீழ இருந்து மேல உருட்டி விடுங்க.