அரசுக் காசில் ஆராய்ச்சி, காப்புரிமை யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் மக்கள் வரிப்பணத்தில் பல்கலைக்கழகம் மருந்து கண்டுபிடிக்கிறது, கடைசியில் ஏதோ ஒரு கம்பெனி அதை யானை விலைக்கு விற்கிறது. கேட்க ஒரு சட்டம் கிடையாதா? (திருச்சி வாசகர்)

பதில்: சட்டம் இருக்கிறது சார், அந்தக் கதவைத் திறந்து விட்டதே அதுதான். 1980 வரை அங்கே அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அரசிடமே போய்ச் சேரும். சுமார் 28,000 காப்புரிமைகள் குவிந்து கிடந்தன, அதில் 5 சதவீதம்கூட உரிமம் பெற்று வெளியே போகவில்லை என்று காட்டித்தான் பாய்-டோல் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். (அந்தக் குவியலில் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்த கம்பெனிகள் தங்களுக்கே வேண்டாம் என்று விட்டவையும் நிறைய இருந்தன என்பதைப் பலர் சொல்வதில்லை.) அதன்பிறகு பல்கலைக்கழகமே காப்புரிமையை வைத்துக்கொண்டு கம்பெனிக்குக் கொடுக்கலாம், வருமானத்தில் விஞ்ஞானிக்கும் பங்கு தரவேண்டும்.

நீங்கள் கேட்கும் கடிவாளமும் அதே சட்டத்தில் உண்டு. நியாயமான முறையில் பொருள் மக்களுக்குக் கிடைக்காவிட்டால் அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் கொடுக்க வைக்கலாம். ஆனால் இன்றுவரை ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பிறந்த எக்ஸ்டாண்டி என்ற புராஸ்டேட் புற்றுநோய் மருந்துக்கு, மற்ற பணக்கார நாடுகளைவிட அமெரிக்காவில் பல மடங்கு விலை என்று நோயாளிகள் மனு போட்டார்கள், 2023 மார்ச்சில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.) அதைத் தள்ளிவிட்டது. மருந்து சந்தையில் கிடைக்கிறதே, அப்புறம் என்ன என்பதுதான் பதிலின் சாரம். என்னைக் கேட்டால் விலையைத் தொட மனமில்லாமல் எழுதிய பதில் அது.

கேள்வி: அப்படியானால் கண்டுபிடிப்பு தானாகவே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகிவிடுமா? (ஆராய்ச்சி மாணவி, கோவை)

பதில்: ஆகாது. ஸ்டான்ஃபோர்டில் வேலை செய்த ஒருவர் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துணுக்கைப் பல மடங்கு பெருக்கும் முறை) கற்றுக்கொள்ள சீட்டஸ் கம்பெனிக்குப் போனார், போன இடத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஸ்டான்ஃபோர்டுக்கு அவர் கொடுத்திருந்தது 'கண்டுபிடிப்பின் உரிமையைப் பிற்பாடு மாற்றித் தருகிறேன்' என்ற உறுதிமொழி, சீட்டஸ் தாளிலோ 'இப்போதே மாற்றித் தருகிறேன்' என்று இருந்தது. பிறகு சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை ரோஷ் என்ற மருந்து கம்பெனி வாங்கியது, எச்.ஐ.வி. கிருமியின் அளவைப் பார்க்கும் முறைக்காக வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-இல் தீர்ப்பு: கண்டுபிடிப்பு முதலில் கண்டுபிடித்தவருக்கே சொந்தம், பாய்-டோல் சட்டம் அதைத் தானாகப் பறிக்காது. ஸ்டான்ஃபோர்டு தோற்றது. அதனால் வேறு ஆய்வகத்துக்கு இரண்டு வாரம் பழகப் போனாலும், அங்கே நீட்டுகிற தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: கிடையாது. பாய்-டோலைப் பார்த்து எழுதிய மசோதா 2008-இல் மாநிலங்களவைக்கு வந்தது, எதிர்ப்பில் சிக்கி 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. சரி, இப்போது என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொரு ஐ.ஐ.டி.யும் ஆய்வகமும் தன் கொள்கைப்படி போகிறது, விஞ்ஞானியின் பங்கும் இடத்துக்கு இடம் மாறும்.